பிளிசார்ட் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

வீடியோ கேம் கம்பெனி பிளிசார்ட் என்டர்டெயின்மென்ட் நிர்வாகத்துக்கு வணக்கம்.

அமெரிக்காவுல உங்க இர்வைன் கேம்பஸ் நடுவுல ஓநாய் மேல ஆர்க் (உங்க வார்கிராஃப்ட் கேம்ல வர்ற ஒரு இனம்) வீரன் உக்காந்திருக்கற வெண்கலச் சிலை, அதைச் சுத்தி தரையில உங்க எட்டு கொள்கைகளையும் பதிச்சு வச்சீங்க. அதுல 'எவ்ரி வாய்ஸ் மேட்டர்ஸ்'னு ஒண்ணு, அதாவது எல்லார் குரலுக்கும் மதிப்பு உண்டுன்னு. 2019 அக்டோபர்ல உங்க சீட்டு கேம் ஹார்த்ஸ்டோனை ஆடற ஹாங்காங் பிளேயர் பிளிட்ஸ்சங், மேட்ச் முடிஞ்ச இன்டர்வியூல மாஸ்க் போட்டுக்கிட்டு ஹாங்காங் விடுதலைன்னு கோஷம் போட்டார், ரெண்டே நாள்ல ஒரு வருஷத் தடை, பரிசுப் பணமும் கட், இன்டர்வியூ எடுத்த ரெண்டு வர்ணனையாளர்களையும் சேர்த்தே தூக்கிட்டீங்க. அந்த வாரம் தரையில இருந்த அந்தக் கொள்கை எழுத்தை பேப்பர் ஒட்டி மறைச்சது வெளியாளுங்க இல்ல, உங்க ஸ்டாஃப்தான்!

போட்டி மேடையில அரசியல் வேணாம்னு ரூல் வைக்கலாம், அதை நான் தப்பு சொல்லல. ஆனா உங்க ரூல் என்ன சொல்லுச்சு? மக்கள்ல ஒரு பகுதி புண்படற மாதிரி எது செஞ்சாலும் தண்டனை, புண்பட்டுச்சான்னு முடிவு பண்றதும் நீங்களே. அப்புறம் எதிர்ப்பு வந்ததும் பணத்தை திருப்பிக் குடுத்தீங்க, தடையை ஆறு மாசமா குறைச்சீங்க, சீனாவுக்கும் இந்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லன்னீங்க, உங்க ரசிகர் விழாவான பிளிஸ்கான் மேடையில அப்போதைய பிரசிடென்ட் ஜே. ஆலன் பிராக் வருத்தமும் தெரிவிச்சார். ஆனா அந்த ஆறு மாசத் தடை மட்டும் அப்படியேதான் இருந்துச்சு. வருத்தம் தெரிவிக்க காசு ஆகாதுல்ல.

'கேம்பிளே ஃபர்ஸ்ட்', அதாவது ஆட்டம்தான் முதல்லங்கற உங்க இன்னொரு கொள்கையோட கதையும் இதேதான். 2020 ஜனவரியில பழைய வார்கிராஃப்ட் 3-யைப் புதுப்பிச்ச வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்ட் வந்தப்ப, 2018 பிளிஸ்கான்ல காட்டின புது கட்சீன் (கதைக் காட்சி) எல்லாம் காணோம், தரவரிசைக்கான லேடர் இல்ல, பிளேயர்ங்க குழுவா சேர்ற கிளான் இல்ல, இதைவிடக் கொடுமை என்னன்னா புதுசை வாங்காம பழைய கேமை ஆன்லைன்ல ஆடிட்டிருந்தவன் தலையிலயும் அந்த புது கேம் சாஃப்ட்வேரையே கட்டுனீங்க. ரீஃபண்ட் குடுத்தீங்க, ஒத்துக்கறேன், 2024 நவம்பர்ல 2.0 அப்டேட்டும் வந்துச்சு. ஆனா ஏறக்குறைய அஞ்சு வருஷம் கழிச்சு வந்தா எவன் காத்துக்கிட்டிருப்பான்?

உங்க ஷூட்டர் கேம் ஓவர்வாட்ச் 2-க்காக 2022 அக்டோபர்ல முதல் ஓவர்வாட்சையே மூடினீங்க. காசு குடுத்து வாங்கின கேம் சார் அது. அதுக்கு பதிலா வரும்னு ஆசை காட்டின கதாபாத்திரத்தை வளர்த்துக்கிட்டே ஆடற ஹீரோ மிஷன் மோடை 2023 மே மாசம் கேன்சல் பண்ணிட்டீங்க.

பிராக் 2021லயே போயிட்டார், இப்போ நாங்க மைக்ரோசாஃப்ட் கம்பெனின்னு நீங்க சொல்லலாம். ஆனா பழைய கேமோட பேரும் புகழும் வேணும்னா பழைய கணக்கும் உங்களோடதுதான்.

கேக்கறது ரெண்டே ரெண்டு. யார் புண்பட்டாங்கன்னு உங்க இஷ்டத்துக்கு முடிவு பண்ற ரூல் எந்த டோர்னமென்ட்லயும் இருக்கக் கூடாது, எது தப்பு, எதுக்கு எவ்வளவு தண்டனைன்னு முன்கூட்டியே எழுதி வைங்க. அடுத்த தடவை ஒரு கேமுக்கு ரெண்டாம் பாகம் கொண்டு வந்தா, காசு குடுத்து வாங்கினவன் பழசையும் ஆடற மாதிரி விட்டுட்டு அப்புறம் புதுசை விளம்பரம் பண்ணுங்க.

இப்படிக்கு,
உங்க கேமை இன்னும் அன்இன்ஸ்டால் பண்ணாத ஒரு பிளேயர்