முலாம் தொட்டிக்கும் வேண்டும் ராமன் கருவி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேசிய அறிவியல் நாளன்று தங்கள் நாளிதழில் ராமன் விளைவு பற்றி வந்த கட்டுரையைப் பட்டறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கடலின் நீலத்தில் தொடங்கி 1930 நோபல் பரிசோடு கட்டுரை முடிந்துவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டிய கதை அதற்கு அப்புறம்தான் வருகிறது.

கோவை கணபதியில் 27 வருடமாக நிக்கல் முலாம் போடுகிறேன். தொட்டியில் பிரைட்னர் ஊற்றினால் முலாம் பளபளக்கும். அதில் சாக்கரின் என்ற இனிப்பு வேதிப்பொருள் இருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் அது என்ன வேலை செய்கிறது என்று யாரும் சொன்னதில்லை. நான்கு வருடத்துக்கு முன் ஒரு பெரிய ஆர்டர் முழுக்கக் கொப்பளித்து உரிந்து திரும்பி வந்தது. "பிரைட்னர் குறைவு, இன்னும் ஊற்றுங்க" என்றார் மருந்து விற்பவர். ஊற்றினேன், இன்னும் மோசமானது. கடைசியில் கரித்தூள் போட்டு வடிகட்டித்தான் தொட்டியை மீட்டேன். பிரைட்னர் ஏற்கெனவே மிஞ்சிப் போயிருந்தது. ஹல் செல் என்ற சின்ன சோதனைத் தொட்டியில் முலாம் போட்ட தகட்டைப் பார்த்தால் முலாம் மங்கலா, கருகலா என்று தெரியும். உலோகத்தின் மேல் எந்த மூலக்கூறு போய் ஒட்டியிருக்கிறது என்று தெரியாது.

என் மகள் வேதியியலில் ஆராய்ச்சி செய்கிறாள். போன பொங்கல் லீவு முடிந்து போகும்போது தொட்டித் தண்ணீரைச் சின்ன பாட்டிலில் எடுத்துப்போனாள். சொரசொரப்பாக்கிய வெள்ளித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, ராமன் கருவியில் லேசர் அடித்து, வந்த வரைபடத்தை அனுப்பினாள். "இந்த மேடெல்லாம் உங்க சாக்கரின்தானுங்கப்பா" என்றாள். 27 வருடமாகக் கையால் ஊற்றிய பொருளை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அவள் விளக்கியது இதுதான். மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்குதான் நிறம் மாறி வரும், இதுதான் ராமன் விளைவு. அந்த மாற்றம் மூலக்கூறின் அதிர்வைக் காட்டும், ஆளுக்கு ஆள் கைரேகை மாதிரி. உலோகத்தின் மேல் ஒட்டுவதோ ஒரே ஒரு அடுக்கு. அவ்வளவு கொஞ்சத்திலிருந்து வரும் ஒளி கண்ணுக்கே எட்டக்கூடாது. ஆனால் 1974-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ப்ளைஷ்மன், ஹெண்ட்ரா, மெக்குவில்லன் மூவரும் வெள்ளி மின்வாயைச் சொரசொரப்பாக்கினார்கள். பரப்பு கூடினால் நிறைய மூலக்கூறு ஒட்டும் என்பது அவர்கள் கணக்கு. அதில் ஒட்டிய பிரிடின் என்ற வேதிப்பொருள் பளிச்சென்று தெரிந்தது. பரப்பு கூடியதால் மட்டும் இவ்வளவு வராது, ஒளியே லட்சக்கணக்கான மடங்கு பெருகுகிறது என்று 1977-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. வெள்ளியின் நுண்ணிய மேடுகளில் எலக்ட்ரான்கள் லேசரோடு சேர்ந்து அலைபாய்வதே முக்கியக் காரணமாம். எங்கள் தொழிலில் சொரசொரப்பு என்றால் குறை, பஃப் போட்டுத் தேய்த்து எடுப்போம். அங்கே அதுவே பூதக்கண்ணாடி!

வெள்ளி, தங்கம், செம்பு இந்த மூன்றில்தான் இது நன்றாக நடக்கும். நிக்கலிலும் இரும்பிலும் மிகவும் மங்கல். அதற்கும் 2010-ல் சீனாவில் வழி கண்டார்கள். மெல்லிய சிலிக்கா உறை போட்ட தங்கத் துகள்களை எந்தப் பரப்பின் மேலும் தூவி, அடியில் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அப்படியானால் நிக்கல் மேலேயே சாக்கரின் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். துருவை எடுக்கும் பிக்லிங் ஆசிட்டில் இரும்பு அரிக்காமல் இருக்கப் போடும் மருந்தும் இப்படித்தான் ஒட்டிக் காக்கிறது, அதையும் பார்க்கலாம்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். நம் பக்கத்தில் ராமன் கருவி வைத்திருக்கும் கல்லூரிகள் வாரத்தில் ஒரு நாள் அதைச் சிறு பட்டறைகளுக்குத் திறந்துவிட வேண்டும். கட்டணம் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். ஒரு தொட்டி கெட்டால் எங்களுக்கு நஷ்டம். நிக்கல் கலந்த அந்தத் தண்ணீர் கழிவாகப் போனால் ஊருக்கே நஷ்டம். மாணவர்களுக்கும் புத்தகத்தில் இல்லாத மாதிரிகள் கிடைக்கும். எந்தக் கல்லூரி முன்வந்தாலும் முதல் பாட்டிலோடு நான் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
முலாம் பட்டறைக்காரர்,
கணபதி, கோவை.