கொடையாளர் நெடுவரிசை எங்கே?

மதிப்பிற்குரிய ஆய்விதழ் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். நோயோடு நெடுநாள் போராடிச் செயல்திறன் குன்றிய, அதாவது சோர்ந்த, டி செல்களை (நோயெதிர்ப்புச் செல்களை) மரபணு வெளிப்பாட்டை, அதாவது எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்பதை, வைத்தே இனங்காணும் கணினி மாடல் ஒன்றைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தீர்கள். துல்லியம் நூற்றை நெருங்குவதாகச் சுருக்கவுரையே முழங்குகிறது. எங்கள் தரவிலோ, சற்றுமுன் தூண்டப்பட்ட செல்களுக்கும் அது 'சோர்வு' முத்திரையைக் குத்தித் தள்ளுகிறது. பிடி-1 மரபணு இருவகைச் செல்களிலும் வெளிப்படும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. பயிற்சிக்கும் சோதனைக்கும் செல்களைக் குலுக்கிப்போட்டுப் பிரித்திருக்கிறார்கள். ஒரே ஆளின் செல்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. ஒவ்வோர் ஆளின் செல்களிலும் அவருக்கே உரிய மரபணுச் சாயல் உண்டு; சோர்ந்த செல்கள் சிலரிடமே மிகுந்திருந்தால், அந்தச் சாயலை அடையாளம் கண்டாலே போதும். டி செல்லைப் பற்றி எதுவும் கற்காமலே மாடல் தேறிவிடும். ஆகவே கேட்கிறேன்: செல்களைத் தந்த கொடையாளர் வாரியாகப் பிரித்துச் சோதிக்காத மாடலை ஏற்காதீர்கள்.

நாங்களே சோதித்துக்கொள்ளலாம் என்றால், வெளியிட்ட தரவில் எந்தச் செல் எவருடையது என்ற நெடுவரிசையே இல்லை. எங்கள் ஆய்வு மாணவி, ஒவ்வொரு செல்லுக்கும் இட்ட அடையாளக் குறிகளான பார்கோடுகளின் கடைசி எண்ணை வைத்து ஆள் பிரிக்க முயன்றார்; அவை ஆட்களை அல்ல, கருவியில் ஓட்டிய தொகுதிகளைக் குறித்தன. ஒய் குரோமோசோம் மரபணுக்களைப் பார்த்தார். ஆணா பெண்ணா என்பதோடு வழி அடைபட்டது. ஆளுக்கு ஆள் உள்ள மரபணு வேறுபாடுகளைக் கொண்டு பிரிக்க, செல்களிலிருந்து படித்தெடுத்த மூல மரபணு வரிசைகள் வேண்டும். அவை அனுமதிப் பூட்டுக்குள் இருக்கின்றன. 'நியாயமான கோரிக்கையின் பேரில் தரவு தரப்படும்' என்று கட்டுரையின் கடைசியில் அச்சிட்டிருக்கிறீர்கள். எங்கள் கடிதங்களுக்குப் பதிலே இல்லை. நியாயம் எந்த இடத்தில் குறைந்தது என்றாவது தெரிவித்திருக்கலாம். தனியுரிமை என்பார்கள். பெயரையா கேட்டோம்? 'கொ1', 'கொ2' போதுமே!

ஒத்த செல்களை அருகருகே பொட்டுகளாக வைக்கும், வண்ணப் பொட்டுகள் சிதறிய யூமேப் படத்துக்கு மட்டும் முழுப் பக்கம் கிடைக்கிறது. அந்தப் பொட்டுகளுக்குப் பெயர் வைத்ததும் அதே மரபணுக்களைப் பார்த்துத்தான், மாடலுக்கு ஊட்டியதும் அவற்றைத்தான். இரண்டும் ஒத்துப்போனதில் வியப்பென்ன? திசுவைப் பிரிக்க நொதியில் வைத்தாலே, செல்லுக்கு நேரும் அழுத்தத்தால் ஃபாஸ், ஜூன் என்னும் மரபணுக்கள் கிளம்பிவிடும். அதையும் புதிய செல் நிலை என்று நாளை அட்டையில் போடுவீர்கள் போலும். மன்னிக்கவும், இது வேறு வழக்கு.

பணிவுடன் கேட்பது ஒன்றே. அந்தக் கட்டுரையாளர்களிடம் கொடையாளர் நெடுவரிசையைப் பெற்றுத் தரவுடன் இணையுங்கள். கொடையாளர் வாரியான சோதனை முடிவைத் திருத்தக் குறிப்பாக வெளியிடுங்கள். இனி வரும் கட்டுரைகளுக்கு இதையே நிபந்தனையாக்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இதழின் நெடுநாள் வாசகர்