'ஆஃப்டர்' வந்தாலே காம்ப்ளக்ஸா? விடைக்குறிப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விடைக்குறிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம், மாலை வேளையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன தேர்வின் அந்த இரண்டு மதிப்பெண் கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும். 'ஆஃப்டர் த ரெய்ன், த மென் மென்டட் தேர் நெட்ஸ்.' (மழைக்குப் பிறகு, ஆட்கள் தங்கள் வலைகளைச் சரிசெய்தார்கள்.) இது என்ன வகை வாக்கியம்? காம்ப்ளக்ஸ், அதாவது தனியாக நிற்க முடியாத சார்பு வாக்கியம் ஒன்றும் சேர்ந்தது, என்கிறது உங்கள் குறிப்பு. சிம்பிள், அதாவது சார்பு வாக்கியம் எதுவும் இல்லாத தனி வாக்கியம், என்று எழுதியவர்களுக்குப் பூஜ்யம்.

'ஆஃப்டர் த ரெய்ன்' என்பதில் வினை எங்கே இருக்கிறது? எழுவாயும் வினையும் இல்லாமல் சார்பு வாக்கியம் எங்கிருந்து வரும்? 'ஆஃப்டர் த ரெய்ன் ஸ்டாப்டு' என்று கேட்டிருந்தால் நீங்கள் சொல்வது சரி. 'ஆஃப்டர்', 'பிஃபோர்', 'சின்ஸ்', 'அன்டில்' எல்லாம் பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் வரும், முழு வாக்கியத்துக்கு முன்னாலும் வரும். அந்தச் சொல்லை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தயவுசெய்து அந்த விடையைத் திருத்துங்கள்.

நம் பிள்ளைகளுக்கு இது ஏற்கெனவே சிரமமான பாடம். 'மழை நின்ற பிறகு' என்று தமிழில் சொன்னால், 'நின்ற' என்ற எச்சமே வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று காட்டிவிடும். ஆங்கிலத்தில் 'த ரெய்ன் ஸ்டாப்டு' தன்னளவில் முழு வாக்கியம். முன்னால் 'ஆஃப்டர்' வந்து ஒட்டிய பிறகுதான் அது தனியாக நிற்க முடியாமல் போகிறது. வினை முற்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வாக்கியம் முடியவில்லை. இதைப் புரியவைக்கப் பல மாலைகள் பிடிக்கும்.

அப்படிப் புரிந்துகொண்டவள் ஒரு மாணவி. அவள் அம்மா பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர். வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டே படிக்கிற பிள்ளை. விடைத்தாளை விரித்து வைத்துக்கொண்டு, "சார், பொதுத் தேர்வில் இதே மாதிரி வந்தால் சரியானதை எழுதவா, குறிப்பில் இருப்பதை எழுதவா?" என்று கேட்டாள். பறிபோன இரண்டு மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

கைடுகளில் ஒரு பட்டியல் இருக்கிறது: 'இன் ஸ்பைட் ஆஃப்' என்றால் சிம்பிள், 'பட்' என்றால் காம்பவுண்ட் (தனித்து நிற்கக்கூடிய வாக்கியங்கள் இணைந்தது), 'தோ' என்றால் காம்ப்ளக்ஸ். அதை மனப்பாடம் செய்தவனுக்கு மதிப்பெண், யோசித்தவளுக்குப் பூஜ்யம். அப்புறம் மேடையேறி, கடலோரப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பின்தங்கியிருக்கிறார்கள் என்று கவலைப்படுவோம். காற்று பலமாக வீசும் என்று எச்சரிக்கை வந்தால் படகுகளுக்குக் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் அன்றைக்கே நிற்கிறது, கரை முழுக்கச் செய்தி போய்விடுகிறது. ஒரு விடை தவறு என்று சொல்லும் சுற்றறிக்கைக்கு மட்டும் எந்தக் காற்று தடையாக இருக்கிறதோ!

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான். அந்த விடையைத் திருத்தி எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்புங்கள். சிம்பிள் என்று எழுதியவர்களுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த வினாத்தாளில் 'ஆஃப்டர் த ரெய்ன்', 'ஆஃப்டர் த ரெய்ன் ஸ்டாப்டு' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்து, எதில் சார்பு வாக்கியம் இருக்கிறது, ஏன் என்று கேளுங்கள். பொதுத் தேர்வுக்கு முன்னால் இதைச் செய்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு ஆசிரியன் ஒருவன்