ஆயில் கூலர் சீலுக்குப் பதிலாக கியர்பாக்ஸைக் கழற்றி பில் போட்டது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
பழைய சொகுசு கார் விற்பனை மற்றும் சர்வீஸ் பிரிவு,
கோயம்புத்தூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

உங்களிடம் வாங்கிய 2009 மாடல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் 320 சிடிஐ காருக்கு நீங்களே எழுதிக் கொடுத்த ஆறு மாத வாரன்டி இன்னும் முடியவில்லை. இதுவரை ஐந்து முறை ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாயிற்று. போன் செய்ததற்குக் கணக்கே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது என்று காரை விட்டேன். உங்கள் ஆட்கள் கீழேயிருந்து பார்த்துவிட்டு ‘ரியர் மெயின் சீல்’ (எஞ்சினின் பின்முனையில் ஆயிலை அடைக்கும் சீல்) என்று ஜாப் கார்டில் எழுதி, கியர்பாக்ஸை இறக்கி, சீலை மாற்றி 68,000 ரூபாய் வாங்கினார்கள். பத்தாம் நாள் அதே இடத்தில் அதே சொட்டு.

இந்த ஓஎம்642 வி6 டீசல் எஞ்சினில், ஆயிலின் சூட்டைத் தணிக்கும் ஆயில் கூலர் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில், டர்போவுக்கு அடியில் இருக்கிறது. அந்தக் காலத்து ஆரஞ்சு நிற சீல்கள் சூட்டில் இறுகிப்போய்க் கசியும். கசிந்த ஆயில் பள்ளத்தில் தேங்கி, பின்பக்கமாக வழிந்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் கூடான பெல் ஹவுசிங்கில் இறங்கும். கீழேயிருந்து பார்த்தால் ரியர் மெயின் சீல் போனது போலவேதான் தெரியும். மேலேயிருந்து ஒரு சின்ன கேமராவை விட்டிருந்தால் ஆயில் குளம் கட்டி நிற்பது தெரிந்திருக்கும். இந்தக் கார்களை விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் உங்களுக்கு இது தெரியாதா?

இதைக் கேட்டதற்கு உங்கள் சர்வீஸ் அட்வைசர் சொன்ன பதில்: “பழைய பென்ஸ் சார், அப்படித்தான் இருக்கும். அடியில ஒரு தட்டு வெச்சுக்கோங்க.” கவுன்டரில், மற்ற வாடிக்கையாளர்கள் முன்னால் சொன்னார். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இதைப் பொறுக்க முடியாது.

அதே நபர்தான் “கூலர் சீல் வந்துடுச்சு, வண்டியக் கொண்டாங்க” என்று போன் செய்தார். முன்பக்க இடது ஏர் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றால் காரைத் தாங்கும் தூண்) இறங்கி கார் டயர் மேல் உட்கார்ந்திருந்ததால், உடுமலையிலிருந்து ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றி வந்தேன். மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, சீலுக்கு ஆர்டரே போடவில்லை என்றார்கள். போக வர 18,000 ரூபாய் தண்டம்.

அந்த ஏர் சஸ்பென்ஷனுக்கும் 46,000 ரூபாய்க்கு, காற்றடிக்கும் கம்ப்ரசரை மாற்றியிருக்கிறீர்கள். கசிவது ஸ்ட்ரட். சோப்புத் தண்ணீர் தெளித்தாலே நுரை கிளம்பிக் காட்டிவிடும், ஐந்து நிமிட வேலை. கசிவை விட்டுவிட்டு கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் அது ஓயாமல் ஓடிச் சூடேறி இதுவும் எரிந்துபோகும். கம்ப்ரசருக்கு மின்சாரம் தரும் சுவிட்சான ரிலேயைக்கூட மாற்றவில்லை. பழைய ரிலே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும் என்பதை நான் சொல்லித்தர வேண்டுமா?

இன்னொன்று. விற்கும்போது நீங்கள் கொடுத்த சோதனைத் தாளில் ‘ஆயில் கசிவு இல்லை’ என்று டிக் போட்டிருக்கிறது. எஞ்சினைத் தண்ணீர் அடித்துக் கழுவிப் பளபளப்பாக நிறுத்தி வைத்தால் கசிவு எப்படித் தெரியும்?

தயவுசெய்து பதினைந்து நாட்களுக்குள் இதைச் செய்து கொடுங்கள். டர்போவையும் இன்டேக் மேனிஃபோல்டுகளையும் (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்கள்) கழற்றி, ஆயில் கூலருக்குப் பிறகு வந்த, சூடு தாங்கும் ரப்பரான ஊதா நிற விட்டான் சீல்களைப் போட வேண்டும். சீல் விலை அற்பம், கழற்றி மாட்டும் கூலிதான் பெரிது. ஆகவே டர்போ இன்லெட் சீலையும் மேனிஃபோல்டு கேஸ்கெட்டுகளையும் அப்போதே மாற்றிவிடுங்கள். கழற்றிய பழைய சீல்கள் என் கைக்கு வர வேண்டும். இடது ஸ்ட்ரட்டும் ரிலேயும் உங்கள் செலவில். தேவையில்லாமல் வாங்கிய 68,000 ரூபாயும் ஃபிளாட்பெட் செலவும் திரும்ப வேண்டும். தட்டு வைக்கச் சொன்னவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பில் கணக்கு மட்டும் 1,32,000 ரூபாய். அலைச்சலையும் சேர்த்தால் என் நஷ்டம் ஐந்து லட்சத்துக்குக் குறையாது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, திருப்பூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று வழக்குப் போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நீங்கள்தான் இங்கே வர வேண்டியிருக்கும். அதுவரை போகாமல் முடித்துக்கொள்ளவே விரும்புகிறேன்.

பில்கள், ஜாப் கார்டுகள், சோதனைத் தாள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
உடுமலைப்பேட்டை.