செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: வீட்டில் பெற்றோரைப் பராமரிப்போருக்கான நம் சங்கம், கோத்தகிரி வட்டம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வீட்டில் யாரையாவது உட்காரவைத்துவிட்டு இங்கே வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். பலருக்கு ஒரு மணிக்குள் வீடு திரும்பி மதியக் கஞ்சி ஊட்ட வேண்டும். அதனால் வழக்கமான விஷயங்களை வேகமாகச் சொல்லிவிட்டு, பேச வேண்டியதற்கு வருகிறேன்.

செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. நவம்பரில் மட்டும் மழையால் கூடவில்லை. சந்தா மாதம் 50 ரூபாய், மாற்றமில்லை. பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை இங்கே வாசிப்பதில்லை என்பது பழைய முடிவு, அதுவும் மாறவில்லை. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டிய கணக்கும் உறுப்பினர் பட்டியலும் தயார். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இனி உதவித்தொகை. சென்ற ஆண்டு வரை நோயாளியின் பெயரில் மருந்துச் செலவு கொடுத்துவந்தோம். இந்த ஆண்டு அதை நிறுத்தி, பார்த்துக்கொள்பவரின் பெயரில் மாதம் 1,500 ரூபாய் என்று மாற்றினோம். ஏன் மாற்றினோம் என்று இன்னும் சிலர் கேட்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பக்கவாதம் வந்தவர்களுக்கு இயன்முறைப் பயிற்சி, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிக்கும் சிகிச்சை, இவற்றுக்கும் அதே திட்டத்தில் ஆள் வருகிறார்கள். தூரத்து ஹட்டிகளுக்கு, அதாவது மலைக் கிராமங்களுக்கு, வருவதில் முன்பின் இருக்கிறது, ஆனாலும் வருகிறார்கள். ஆகவே நம் வீடுகளில் பெரிய ஓட்டை மருந்துச் செலவு இல்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன மகள் போகாமல் நின்றாளே, ஃபேக்டரியில் ஷிப்ட் பார்த்த மகன் வேலையை விட்டானே, அந்தக் கூலிதான் ஓட்டை. அதை முழுதாக ஈடுகட்ட இந்த நாட்டில் எந்தப் படிவமும் இல்லை.

போன பொதுக்குழுவில் ஒரு மூத்த உறுப்பினர் எழுந்து, "பெத்த தாயைப் பார்க்கிறதுக்குக் கூலியா? இதை வெளியே சொன்னா நம்மைத் துப்புவாங்க" என்றார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் வீட்டில் மருமகள்தான் பார்க்கிறார், அவருடைய பென்ஷன் மாதாமாதம் வருகிறது. மாதம் இருபது நாள் வேலைக்குப் போனால் நாளுக்கு 400 ரூபாய் என்று வைத்தாலும் 8,000 ரூபாய். அதை விட்டுவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு நாம் கொடுப்பது 1,500. இதைக் கூலி என்று சொன்னால் கூலிக்குத்தான் அவமானம். தீர்மானம் பெரும்பான்மையில் நிறைவேறியது என்பதைப் பதிவுக்காக மீண்டும் சொல்லிவைக்கிறேன்.

அரவேணு பக்கம் ஒரு ஹட்டியில், ஐம்பதை நெருங்கும் நம் உறுப்பினர் ஒருவர், திருமணம் செய்துகொள்ளாதவர், பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைத் தனியாகப் பார்க்கிறார். அக்டோபர் மழையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்புக்கு மேலே கயிறு கட்டி நான்கு போர்வைகள் தொங்கின. வெளியே மூன்று நாள் போட்டாலும் பனிமூட்டத்தில் காயாது, அடுப்புப் புகையில் காயவைத்தால் நாற்றம் போகாது. ஈரத் துணியில் படுக்கவைத்தால் முதுகில் புண் வரும், புண் வந்தால் ஆஸ்பத்திரி. "டயப்பர் வாங்கினால் இந்த வேலை பாதி குறையும், ஆனா ஒரு பாக்கெட் வாங்கிற காசுல கேஸ் சிலிண்டரில் பாதி வந்துடும் அண்ணா" என்றார். உடம்பு துடைக்க நாளுக்கு இரண்டு முறை வெந்நீர் போடுகிறார், சிலிண்டரும் சீக்கிரம் தீர்கிறது. சமவெளிக்காரர்கள் போடும் செலவுக் கணக்கில் இந்த இரண்டும் வராது. நம் கணக்கில் வர வேண்டும் என்பதால் மழை மாதங்களான அக்டோபர், நவம்பர், டிசம்பருக்குக் கூடுதலாக 500 ரூபாய் கொடுத்தோம்.

உதவித்தொகை பார்த்துக்கொள்பவரின் சொந்த வங்கிக் கணக்கில்தான் போடப்படும். இந்த விதியால் சில அண்ணன்மாருக்கு வருத்தம். "வீட்டுத் தலைவர் நான்தானே" என்று நேரில் வந்து கேட்டவர்களிடம், இரவில் இரண்டு மணிக்கு எழுந்து அம்மாவைத் திருப்பிப் படுக்கவைப்பவர் யாரோ அவருடைய கணக்கு எண்ணைக் கொடுங்கள் என்று பொருளாளர் சொன்னார். அதற்கப்புறம் பெரிதாகப் பேச்சு இல்லை.

இந்த ஆண்டு விதிகளில் செய்த இன்னொரு மாற்றம்தான் என் பார்வையில் முக்கியமானது. பெற்றோர் இறந்த மாதத்தோடு உதவி நின்றுவிடும் என்று இருந்தது. முதியோர் உதவித்தொகையும் அப்படித்தான், ஆள் போனதும் நிற்கும். பத்து வருடம் வேலைக்குப் போகாத ஒருவர், பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் எங்கே போய் வேலை கேட்பார்? காரியச் செலவுக்கு வாங்கிய கடனும் அப்போதுதான் கழுத்துக்கு வரும். ஆகவே இறப்புக்குப் பின் மூன்று மாதம் உதவி தொடரும் என்று திருத்தியிருக்கிறோம். சங்கத்திடம் அவசரக் கைமாற்று வாங்கிய குடும்பத்தில் நோயாளி இறந்துவிட்டால் மிச்சக் கடனை செயற்குழு தள்ளுபடி செய்யலாம் என்றும் சேர்த்திருக்கிறோம். பொருளாளருக்கு இதில் முழு சம்மதம் இல்லை, அவர் கருத்தும் நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது.

மாற்று ஆள் திட்டம்: மாதம் ஒரு நாள், காலை முதல் மாலை வரை, ஒருவர் வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்வார், அவருக்கு சங்கம் 400 ரூபாய் கொடுக்கும். ஓய்வு எடுக்கட்டும் என்று நினைத்துத் தொடங்கினோம். அந்த ஒரு நாளில் நம்மவர்கள் செய்தது என்ன தெரியுமா? வங்கிக்குப் போனார்கள், ரேஷன் கடைக்குப் போனார்கள், மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட பல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒருவர் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்து அன்றைய கூலியையும் சம்பாதித்தார். அவரைத் தட்டிக்கேட்க வேண்டும் என்று ஒரு கருத்து வந்தது. அந்த நாள் அவருடையது, அதில் என்ன செய்தார் என்று விசாரிப்பது நம் வேலை அல்ல என்று செயற்குழு முடிவு செய்தது. சொந்த நாத்தனாரே மாற்று ஆளாக வந்தால் அவருக்குப் பணம் கொடுக்கலாமா என்ற கேள்விக்கும், கொடுக்கலாம் என்றே முடிவு. முன்பின் தெரியாத ஆளிடம் அப்பா சாப்பிட வாய் திறப்பதில்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை.

அரசு உதவிகளுக்கு வருகிறேன். முதியோர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 1,200 ரூபாய். அதில் 60 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்தான், மீதியை மாநிலம் போடுகிறது. நம் பகுதியில் மனுக்கள் தள்ளுபடியாவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, சம்பாதிக்கும் பிள்ளை இருக்கிறார். இரண்டு, சொத்து மதிப்பு ஒரு லட்சத்துக்கு மேல். அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் பாட்டி பத்திரத்தில் லட்சாதிபதி. பச்சைத் தேயிலைக்கு என்ன விலை கிடைக்கிறது, பறிகூலி போக என்ன மிஞ்சுகிறது என்று மனுவில் எழுத இடமில்லை. அந்தப் பிள்ளை இப்போது சம்பாதிக்கவில்லை, பாட்டியைப் பார்ப்பதற்காகவே வேலையை விட்டார் என்று எழுதவும் இடமில்லை.

கடுமையாக முடங்கிப்போனவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் இருக்கிறது. 75 சதவீதமும் அதற்கு மேலும் பாதிக்கப்பட்டவர்களுக்கும், பார்க்கின்சன் நோய், நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். வயதானவர்களுக்கு இது கிடையாது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருந்தோம், அப்படி இல்லை. சிக்கல் சான்றிதழில்தான். படுக்கையை விட்டு எழ முடியாதவரை ஹட்டிப் படிக்கட்டில் நாற்காலியில் வைத்துத் தூக்கி, ஜீப் பிடித்து, முகாமுக்குக் கொண்டுபோய் வரிசையில் காத்திருந்தால், எழ முடியாதவர் என்று சான்று கிடைக்கும்.

கூடலூர் பக்கம் உறவு உள்ளவர்கள் கேரளாவைப் பற்றிச் சொல்கிறார்கள். அங்கே 'ஆஸ்வாசகிரணம்' என்ற திட்டத்தில், படுக்கையில் கிடப்பவரை முழுநேரமும் பார்த்துக்கொள்பவருக்கே மாதம் 600 ரூபாய். தொகை சிறிது, பல மாதம் பாக்கி விழுவதும் உண்டு. ஆனால் பார்த்துக்கொள்பவர் என்று ஒருவர் இருப்பதை அந்த அரசாணை ஒப்புக்கொள்கிறது, எனக்கு அது போதும். இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் நம் உறுப்பினரின் மகள் அந்த ஊர்க் கதையையும் எழுதி அனுப்பினார். வாரம் 35 மணி நேரமாவது பார்த்துக்கொள்பவருக்கு 2025–26-ல் அரசு கொடுத்தது வாரம் 83.30 பவுண்டு. அந்த ஆண்டுக் கணக்கில், வெளியே வேலை செய்து வாரம் 196 பவுண்டுக்கு மேல் சம்பாதித்தால் முழுத் தொகையும் போய்விடும். பணக்கார நாட்டிலும் கணக்குப் பார்ப்பவர்கள் ஒரே ஜாதிதான்.

மருத்துவக் காப்பீடு பற்றிச் சுருக்கமாக. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் மத்திய அரசு 2024 அக்டோபரில் கொண்டுவந்தது 'ஆயுஷ்மான் வய வந்தனா'. இரண்டுமே ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். கோவையில் கூடவே தங்கி இருப்பவரின் சாப்பாடும் பஸ்ஸும் போன கூலியும் எதிலும் வராது. ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டதில் நம்மவர்களுக்குப் பெரிய ஆறுதல் இதனால்தான். காலையில் போய் இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். பெண்களுக்கு சாதாரணப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் 2024-ல் மலைக்கும் வந்தது, அதுவும் சேர்ந்து உதவுகிறது.

போகிற போக்கில் ஒன்று. 2024 மே முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததில் இருந்து, கோவையில் இருக்கும் மகன் அம்மாவைப் பார்க்க நீலகிரிப் பதிவான டி.என். 43 இல்லாத வண்டியில் வந்தால் குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் அவரும் சுற்றுலாப் பயணி. மாதாமாதம் பாஸ் எடுக்க வேண்டியிருப்பதே வராமல் இருக்கக் காரணம் என்று ஒருவர் தன் தங்கையிடம் சொல்லியிருக்கிறார். பாஸ் இலவசம், செல்போனில் கிடைக்கும் என்பதைத் தங்கை என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

உடன்பிறந்தவர்கள் பங்கு பற்றித்தான் இந்த ஆண்டு அதிகம் பேர் வந்து கேட்டார்கள். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் குன்னூர் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பிள்ளைகள் கொடுக்க உத்தரவிட முடியும். பார்த்துக்கொள்ளும் மகள் தன் பெயரில் கேட்க முடியாது. பெற்றோரால் முடியாதபோது, அவர் அதிகாரம் கொடுத்தால் அவருக்காக மகள் கொடுக்கலாம், சங்கமும் கொடுக்கலாம். பார்த்துக்கொள்கிறோம் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டால், 23-ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யவும் வழி உண்டு. நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவைப்பது நல்லது. ஆனால் மனு வரை போகாமல், அண்ணன் தம்பிகளை உட்காரவைத்துப் பேசியதில்தான் நமக்குப் பலன் கிடைத்தது. பேசப் போகும்போது ஒரு மாதச் செலவை நோட்டில் எழுதிக் கொண்டுபோகச் சொன்னோம். டயப்பர், கேஸ், ஜீப் வாடகை, போன கூலி என்று வரிசையாகப் பார்த்த பிறகு, பாசம் பற்றிய வசனங்கள் குறைந்து ஜி-பே எண் கேட்கும் நிலை வருகிறது. வராத இடங்களும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு முதியோர் உதவி எண் 14567.

சம்பளக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பெற்றோரின் மருத்துவச் செலவுக்கும் ஊனத்துக்குமான 80டி, 80டிடி, 80டிடிபி என்ற வருமான வரிக் கழிவுகள் பழைய வரி முறையில் மட்டுமே. புதிய முறையில் 2025–26 முதல் 12 லட்சம் வரை வரி இல்லாததால் நம்மில் பலருக்கு இனி இந்தக் கவலையும் வேண்டாம், அந்தப் பலனும் இல்லை.

இன்று உங்கள் முன் வைக்கும் தீர்மானங்கள் இரண்டு. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு மாற்றுத்திறன் சான்று வழங்க மருத்துவக் குழு வீட்டுக்கே வர வேண்டும் என்றும், முழுநேரம் பார்த்துக்கொள்பவருக்குத் தனி உதவித்தொகை வேண்டும் என்றும் மாவட்ட ஆட்சியர் வழியாக அரசுக்கு மனு அனுப்புவது முதலாவது. மாத உதவியை 1,500-லிருந்து 2,000 ஆக்குவது இரண்டாவது. இரண்டாவது நிறைவேறினால் சந்தாவை 75 ஆக்காமல் முடியாது. இதை மறைத்துக் கை தூக்கச் சொல்வது சரியில்லை என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

சங்கத்தின் காற்று மெத்தைகளில் ஒரு மெத்தை இரண்டு வீடுகள் கைமாறிப் போய், இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கட்டபெட்டு பக்கம் என்கிறார்கள். தேவையில் இருக்கும் குடும்பம் என்றால் இருக்கட்டும், ஆனால் பம்பு வேறொரு வீட்டில் இருப்பதால் அந்த மெத்தை யாருக்கும் பயன்படாது. வைத்திருப்பவர்கள் என்னிடம் சொன்னால் பம்பை அனுப்பிவைக்கிறேன்.

இப்போது பொருளாளர் கணக்கை வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்