2028 டிசம்பர் 31: மெரினா மணலைத் திறந்துவிடுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும் சென்னைப் பெருநகரக் காவல் ஆணையர் அவர்களுக்கும்,

வணக்கம். புத்தாண்டு இரவுக் கெடுபிடிகளைப் பற்றி டிசம்பர் பிறந்த பிறகுதான் பேச்சே எழும். 2028-ஐப் பற்றி மட்டும் முன்கூட்டியே எழுதக் காரணம் உண்டு. அந்த ஆண்டின் கடைசி இரவில் முழுச் சந்திர கிரகணம். இரவு 8.37 வாக்கில் நிழல் நிலாவைத் தொடும். 9.46 முதல் 10.57 வரை முழு மறைவு. புத்தாண்டு பிறந்து ஐந்தாறு நிமிடம் ஆன பிறகுதான் நிழல் முழுதாக விலகும்.

2025 செப்டம்பர் 7 அன்றும் முழு கிரகணம் வந்தது. முழு மறைவு தொடங்கவே இரவு 11 மணி தாண்டிவிட்டது. மறுநாள் திங்கட்கிழமை, பள்ளி. எத்தனை பிள்ளைகள் விழித்திருப்பார்கள்? 2028-இல் அந்தச் சிக்கல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, அரையாண்டு விடுமுறைக் காலம், நகரமே தூங்காத இரவு.

இடமும் வாகாக இருக்கிறது. மெரினா கிழக்குப் பார்த்த கடற்கரை. நிழல் தொடும்போது நிலா வங்கக் கடலுக்கு மேலே, அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே சற்றுத் தாழ நிற்கும். குறுக்கே ஒரு கட்டடம் கிடையாது. முழு மறைவின்போது நன்றாக அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு வந்துவிடும். மணலில் துண்டை விரித்து மல்லாந்து படுத்துவிட்டால் கழுத்து வலிக்காது. கண்ணாடி, கருவி எதுவும் வேண்டாம். வெறும் கண்ணால் பார்ப்பதில் ஆபத்தே இல்லை.

ஆனால் அந்த இரவில்தான் மணலுக்குள் போக விடமாட்டீர்கள். மாலையானதும் தடுப்புகள் வந்துவிடும், காமராஜர் சாலையில் போக்குவரத்து திருப்பிவிடப்படும். காரணம் தெரியாமல் இல்லை. குடித்துவிட்டு அலையில் இறங்குகிறவரை இருட்டில் யார் தேடுவது? ஆகவே கடலைத் திறக்கச் சொல்லவில்லை, மணலைத்தான் கேட்கிறேன். உழைப்பாளர் சிலைக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் இடையே மெரினாவின் மணல் அகலமானது. அலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளித் தடுப்புக் கட்டி, அதற்கு இப்பால் குடும்பங்களை உட்கார விடலாம். கிரகண நேரத்தில் சாப்பிடலாமா கூடாதா என்ற வழக்கை, சுண்டல் விற்பவர்களும் வாங்குபவர்களும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும்.

அடுத்தது விளக்கு. நிலாவைப் பார்க்க விளக்கை எதற்கு அணைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். பாதி மறைந்த நிலாவுக்கு வேண்டியதில்லைதான். முழு மறைவில் கதை வேறு. அப்போது சூரிய ஒளி நேராகப் போய்ச் சேராது. பூமியின் காற்று மண்டலத்தில் வளைந்து, நீலம் சிதறி, எஞ்சிய சிவப்பு மட்டும் நிலாவில் விழும். அந்தச் செம்பு நிறம் மங்கலானது. உயர்கோபுர விளக்கு கண்ணில் அடித்தால் அழுக்குப் பழுப்பாகத்தான் தெரியும். அன்று மார்கழிப் பௌர்ணமி, நிலா நிற்பது திருவாதிரை நட்சத்திரத்தில். நிலவொளி அடங்கினால் வானத்துத் திருவாதிரை மீனும் சற்றுத் தள்ளிச் சிவப்பாகத் தெரியும். சிவந்த நிலாவையும் சிவந்த மீனையும் ஒரே பார்வையில் நம் பிள்ளைகளுக்குக் காட்ட, கடலைப் பார்த்த விளக்குகளை மட்டும் 71 நிமிடம் அணைத்தால் போதும். உட்சாலை விளக்குகள் எரியட்டும், காவலுக்கு அவை வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அப்போது பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். மேகம் வந்தால் யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை.

இதெல்லாம் நடக்குமா என்ற தயக்கம் இருந்தால், ஒத்திகைக்கும் ஒரு நாள் இருக்கிறது. அதே ஆண்டு ஜூலை 6, வியாழன். பகுதி கிரகணம், நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் முன்பு உச்சம், நிலாவின் விட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு மறையும். கூட்டம் குறைவாக இருக்கும். தடுப்பை எங்கே கட்டுவது, எந்த விளக்குக்கு எந்தச் சுவிட்ச் என்பதையெல்லாம் அன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மெரினாவில் மாலை நடை போகும் ஒரு சென்னைவாசி