பேக்-12 கலைந்ததற்குக் காரணம் ஆட்டக் குறை அன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து குறித்துத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த குறிப்பில், மேற்குக் கரைப் பல்கலைக்கழகங்களின் பேக்-12 கூட்டமைப்பு, பிற கூட்டமைப்புகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் சிதறிப்போனதாக ஒரு வரி இருந்தது. 2023 பருவத்தைச் சியாட்டலில் இருந்தபடி தொடர்ந்து பார்த்தவன் என்ற முறையில் அதை என்னால் ஏற்க இயலவில்லை.

1915 இல் வேர்விட்ட அந்தக் கூட்டமைப்பில், 2023 செப்டம்பர் முதல் தேதிக்குள்ளாகவே பன்னிரண்டில் பத்துப் பல்கலைக்கழகங்கள் வெளியேறுவது உறுதியாகிவிட்டது. அந்நிலையிலும் ஆட்டத்தின் தரம் தாழவில்லை. பல ஆண்டுகளில் காணாத அளவுக்கு உயர்ந்தது என்பதே என் கருத்து. அக்டோபர் 14 அன்று சியாட்டலின் வாஷிங்டன் பல்கலைக்கழக அணி ஆரிகனை 36-33 என்று வென்றது. ஆட்டத்தின் கடைசி உதையை ஆரிகன் வீரர் தவறவிட்டதால்தான் அந்த மூன்று புள்ளிகள் நின்றன. நவம்பர் 25 அன்று அதே மாநிலத்தின் மற்றொரு பல்கலைக்கழகமான வாஷிங்டன் ஸ்டேட்டுக்கு எதிராக வழக்கமாக நடக்கும் ஆப்பிள் கோப்பை ஆட்டத்தில், கடைசி நொடியில் 42 கெஜ தூரத்தில் இருந்து வெற்றிக்கான ஃபீல்டு கோலை (கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து மூன்று புள்ளி பெறுவது) அடித்தவர், அதுவரை உதவித்தொகை எதுவும் இன்றி அணியில் ஆடிவந்த மாணவர். உடைமாற்றும் அறையிலேயே அவருக்கு உதவித்தொகையை அறிவித்தார் பயிற்சியாளர். லாஸ் வேகஸில் நடந்த கூட்டமைப்பின் இறுதிப் போட்டியில் ஆரிகனை மீண்டும் 34-31 என்று வீழ்த்தி, 13 வெற்றி, தோல்வியே இல்லை என்ற கணக்குடன் தேசிய அரையிறுதிக்குச் சென்ற வாஷிங்டன், அங்கே டெக்ஸஸையும் வென்று, தேசிய இறுதிப் போட்டியில்தான் மிஷிகனிடம் 34-13 என்று தோற்றது. கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த வீரருக்குத் தரப்படும் ஹைஸ்மன் விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பிடித்தவர்களும் இக்கூட்டமைப்பின் வீரர்களே. (முதலிடம் பெற்ற ஜேடன் டேனியல்ஸும் அரிஸோனா ஸ்டேட்டில் தொடங்கியவர்தாம்.)

பிறகு ஏன் கலைந்தது? 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகங்களான யூஎஸ்சி, யூசிஎல்ஏ இரண்டும் பிக் டென் என்ற மற்றொரு கூட்டமைப்புக்குச் செல்வதாக அறிவித்தபோது, லாஸ் ஏஞ்சலஸ் நகரத் தொலைக்காட்சிச் சந்தையும் அவற்றோடு போய்விட்டது. எஞ்சிய பத்துப் பல்கலைக்கழகங்களின் தலைவர்களும் கூட்டமைப்பின் நிர்வாகமும் ஒளிபரப்பு உரிமைக்காக ஓராண்டுக்கு மேலாகப் பேரம் பேசியும், கையில் கிடைத்தது சந்தாதாரர் எண்ணிக்கையைப் பொறுத்துத் தொகை கூடும் ஆப்பிள் நிறுவனத்தின் ஒப்பந்தம் ஒன்றுதான். உறுதியான வருமானம் வேண்டிய ஆரிகனும் வாஷிங்டனும் 2023 ஆகஸ்ட் 4 அன்று விலக, கட்டடமே சரிந்தது. வீரர்களோ ரசிகர்களோ இதில் செய்த பிழை எதுவும் இல்லை. காலம் கடத்திய நிர்வாகிகளே பொறுப்பேற்க வேண்டியவர்கள்.

இதன் சுமை கால்பந்து அணிகளைவிட மற்ற விளையாட்டு மாணவர்கள் மீதே அதிகம் விழுகிறது. கால்பந்து அணி வாரத்துக்கு ஓர் ஆட்டம்தான் ஆடும், தனி விமானத்தில் போய்வரும். வாலிபாலும் சாஃப்ட்பாலும் ஆடுவோருக்கு அப்படியன்று. அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் இடம் பெறுவதற்காகத் தொலைக்காட்சிப் பங்கில் பெரும்பகுதியைச் சில ஆண்டுகளுக்கு விட்டுக்கொடுத்த ஸ்டான்போர்டும் பெர்க்லியும், பாஸ்டன், மயாமி போன்ற நகரங்களுக்கு, மூன்று மணி நேர வித்தியாசத்தைக் கடந்து தம் மாணவர்களை அனுப்பிவருகின்றன. தேர்வுக் காலத்தில் அதன் விலை என்ன என்பதை எந்த ஒப்பந்தத்திலும் எழுதவில்லை.

கைவிடப்பட்ட ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் நீதிமன்றம் சென்று கூட்டமைப்பின் நிர்வாக உரிமையைப் பெற்றதும், பாய்சி ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களைச் சேர்த்து 2026 முதல் அதை மறுபடி நடத்த ஏற்பாடு செய்ததும் தங்கள் குறிப்பில் இடம்பெறவில்லை. 2024 செப்டம்பரில் சியாட்டலில் நடந்த ஆப்பிள் கோப்பையில், விலகிச் சென்ற வாஷிங்டனை அந்த வாஷிங்டன் ஸ்டேட் 24-19 என்று வென்றதையும் குறிப்பிட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
சியாட்டல்